அவர் முருகன் இல்லை, மீட்டர்காரர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மூன்று கொப்பி வாங்கியாயிற்று. முதல் கொப்பியை மகள் கணக்குப் போட எடுத்துக்கொண்டாள். இரண்டாவது கூரை ஒழுகி நனைந்தது. மூன்றாவதில் மேலே "முருகன் துணை" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் உறைத்தது, நான் சொல்லப்போவதே அவர் பெயரைச் சொல்லி நடந்த ஒரு பிசகைப் பற்றி. பயந்து மூடி வைத்துவிட்டேன். இது நாலாவது கொப்பி. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனுக்குப் போகிற பாதையில், வளைந்து திரும்புகிற மூன்றாவது முடக்கில் ஒரு கல் இருக்கிறது. அதற்குச் சந்தனம் பூசி, மேலே நாலு தகரம் போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கிறோம். வைக்கிறவன் நான்தான். மண் அள்ளுகிற பெக்கோ மெஷின் நின்றுபோனபோது அதை முருகனே மெக்கானிக் உருவத்தில் வந்து ஊதி ஓடவைத்த இடம் அது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்லதண்ணிக்கு யாத்திரையாக மலையேறப் போகிறவர்களில் சிலர் வேனைத் திருப்பிக்கொண்டு வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அன்றைக்கு அந்த மெஷினை ஓட்டினவன் நான். வந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முருகன் இல்லை. இது தெரிந்த ஒரே ஆள் இந்தத் தோட்டத்தில் நான்தான், நானும் போன மாதம் வரை வாயைத் திறக்கவில்லை. இந்த வருஷம் கோயில் கமிட்டி அந்த இடத்தில் சிலை வைக்கத் தீர்மானித்தது. முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் என்று, சிலை செய்கிறவருக்கு அடையாளம் சொல்ல என்னை அனுப்பினார்கள். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் பொய்க்குச் சீமெந்து பூசின பாவம் என் தலையில்தான் விழும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் வீட்டு வாசலிலும் ஆட்கள் தேங்காயோடு போய் நிற்பார்கள். மெஷின் திருத்துகிறவர், கரண்ட் அளக்கிற ஒரு மீட்டரும் கையுமாகவே திரிவார். மீட்டர்காரர் என்றே நாங்கள் சொல்வோம்.

முன்தலை வழுக்கை. மூன்று நாள் தாடி எப்போதும் மூன்று நாள் தாடியாகவே இருக்கும். எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேல் வரிசையில் ஒரு பல் கிடையாது. கொட்டகலைப் பக்கத்து லயத்தில் பிறந்த கத்தோலிக்கர், கழுத்தில் சிலுவைச் செயின். மெஷினுக்குள் குனியும்போது அந்தச் சிலுவை தொங்கி பேட்டரியில் பட்டுவிடக் கூடாது என்று பல்லால் கடித்துக்கொள்வார். அப்போது அவர் பேசினால் ஒரு எழுத்தும் புரியாது. "ம்மம் ம்ம ம்மா" என்று கேட்கும். நட்டுக் கழற்றுகிற பத்து மில்லிமீட்டர் சாவியைக் கொடு என்று அர்த்தம்.

இப்போதைய பெக்கோவில் எல்லாம் கம்ப்யூட்டர். இஞ்சினுக்கு ஒரு பெட்டி, பம்புக்கு ஒரு பெட்டி, ஓட்டுகிறவன் முன்னால் உள்ள திரைக்கு ஒரு பெட்டி. இந்தப் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நின்றால் இருபது டன் இரும்பும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடும். அந்தப் பேச்சை மட்டும்தான் அவர் திருத்துவார். எண்ணெய் ஒழுகுகிறது என்று சொன்னால் அது வேறு ஆளுடைய வேலை என்று திரும்பியும் பார்க்க மாட்டார்.

அவர் எனக்கு இதை விளக்கினது ஒரே ஒரு தடவை. நாங்கள் குடியிருக்கிற லயத்தைக் காட்டிச் சொன்னார். வரிசையாகப் பத்துக் காம்பரா, பத்துக் குடும்பம், ஒரே கூரை. ஒரு காம்பராவில் ஈர விறகைப் போட்டு மூட்டினால் பத்துக் காம்பராவிலும் இருமல். அதேபோல எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து முறுக்கின கம்பி இரண்டுதான். எங்கேயாவது ஒரு இடத்தில் அந்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் எல்லோருடைய பேச்சும் கெட்டுப்போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு கம்பிக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் எங்கேயோ வீட்டுச் சண்டை.

அந்த "எங்கேயோ"தான் அந்த மனுஷர். மெஷின் நின்றால் முதலில் எல்லோரும் கேட்பது யார் கெடுத்தது என்று. நேற்று ஓட்டினவனா, கழுவினவனா, எலியா. இவர் மட்டும் கையை உயர்த்தி நிறுத்துவார்.

"எவன்னு கேக்காதீங்க. எங்கன்னு கேளுங்க."

எவன் என்று தேடினால் மெஷின் ஓடாது, எங்கே என்று தேடினால் ஓடும் என்பது அவர் கணக்கு. வேலையை ஆரம்பிக்குமுன் மீட்டரின் இரண்டு ஊசியையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்ப்பார். பூச்சியம் வந்தால்தான் மெஷினைத் தொடுவார். முதலில் தன் கையில் உள்ளது சரியா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவனிடம் போகவேண்டுமாம்.

மெஷினோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் கொட்டகலை டவுனில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் தட்டில் நாலு வடை குறைகிறது என்று வேலைக்காரரைப் போட்டு ஏசிக்கொண்டிருந்தார். நம்மவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், யார் எடுத்தது என்று கேட்கக் கூடாது, வடை எங்கே என்றுதான் கேட்கவேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினார். தட்டு எங்கே இருந்தது, பிறகு எங்கே வைத்தார்கள், அங்கிருந்து எந்த மேசைக்கு வந்தது என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். தட்டு கடைசியாக வந்தது எங்கள் மேசைக்கு. பேச்சு சுவாரசியத்தில் நாலையும் தின்றிருந்தது இவர்தான். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இங்க," என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண்டுபிடித்த திருப்திதான் முகத்தில் இருந்தது.

என் வீட்டிலும் ஒரு கோளாறைத் திருத்தினார். என் மனைவிக்கும் என் தங்கைக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லை. சாப்பிட வந்த மனுஷர் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். ரொட்டியைப் பிய்த்தபடியே, கடைசியாக எந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று விசாரித்தார். தங்கை தன் மகளுக்குக் காது குத்த நாங்கள் எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். என் மனைவிக்கு அது வரவேயில்லை. யாரிடம் சொல்லியனுப்பினாள்? அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்குப் புரையேறியது. அன்றைக்கு மழை, நான் மறந்துவிட்டேன்.

"தங்கச்சி, ரெண்டு முனையும் நல்லாத்தான் இருக்கு," என்று என் மனைவியிடம் சொன்னார். "நடுவுல இருக்கிற கனெக்டர்தான் அழுக்கு. கழட்டித் தொடைங்க."

அவள் ஒரு வாரம் துடைத்தாள்.

இனி, மெஷின் நின்ற அந்தக் கார்த்திகைக்கு வருகிறேன். மேல் டிவிஷன் கோயிலிலிருந்து திருக்கார்த்திகைக்குச் சாமி கீழ் டிவிஷனுக்கு இறங்கி வரும். அதற்கு இருப்பது அந்த ஒரு பாதைதான். நாலு நாள் முன்னால் பெய்த மழையில் மூன்றாவது முடக்கில் மண்மேடு சரிந்து பாதையை மூடிவிட்டது. என் மொதலாளி பாதை வேலை எடுத்துச் செய்கிற ஒரு சிங்களக் கொந்தராத்துக்காரர், நல்ல மனுஷர். சாமி வருமுன் பாதையைத் திறந்து தருவேன் என்று கமிட்டித் தலைவரிடம் வாக்குக் கொடுத்து என்னை மெஷினோடு அனுப்பினார்.

முதல் நாள் காலையிலேயே மெஷின் நின்றது. திரையில் எண்கள் எல்லாம் போய்க் கோடு கோடாக வந்தது. மண் அள்ளுகிற வாளி ஆகாயத்தைப் பார்த்தபடி அப்படியே. வெயில் வந்ததும் அரை மணி நேரம் ஓடியது, பனி இறங்கியதும் நின்றது. கொழும்பிலிருந்து மெஷின் கம்பெனி ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பெட்டி செத்துவிட்டது, புதுசு கப்பலில்தான் வரவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கேதான் சொல்லவேண்டும். சரஸ்வதி பூசையன்று நான் மெஷினுக்குத் தேங்காய் உடைத்தேன். எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோரும் வெளியே சங்கிலியில் உடைத்துவிட்டு நிறுத்துவார்கள். மெஷினுக்கு மூளை எல்லாம் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று மீட்டர்காரர் முன்பு ஒருநாள் எனக்குக் காட்டியிருந்தார். வெளியே இருப்பது வெறும் இரும்பு, உயிர் உள்ளே இருக்கிறது, ஆசீர்வாதம் உயிருக்கல்லவா போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தேங்காய்த் தண்ணீரையும் மஞ்சள் தண்ணீரையும் கலந்து, சீட்டுக்குப் பின்னால், மூடியின் இடுக்கு வழியாக, பக்தியோடு ஊற்றினேன்.

மண்சரிவில் மெஷின் நின்றபோது எனக்குத் தோன்றியது சாமி கோபம் என்றுதான். பூசையில் குறை வைத்துவிட்டேன் போல என்று இன்னொரு தேங்காய் உடைத்து ஊற்றினேன். முதலில் அரை மணி நேரம் ஓடினது, அடுத்து கால் மணி நேரமாகக் குறைந்தது. மறுநாள் இன்னொன்று. ஐந்து நிமிஷமாகக் குறைந்தது. மூன்றாவது நாள் காலை பெரிய தேங்காயாகப் பார்த்து உடைத்தேன். மெஷின் மொத்தமாக அடங்கிவிட்டது. அன்றைக்குத்தான் கார்த்திகை.

மொதலாளி போன் போட்டு அழைத்து, பகல் பஸ்ஸில் மீட்டர்காரர் வந்து இறங்கினார். தூறல். மழைக்கு ஒரு வெள்ளை உரச்சாக்கைக் கிழித்துத் தலையிலிருந்து முழங்கால் வரை போர்த்தியிருந்தார். மாலை பஸ்ஸில் திரும்பவேண்டும், மறுநாள் மகனுக்குப் பாடசாலையில் கூட்டம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஊசி இரண்டையும் தொட்டுப் பார்த்தார். சிலுவையைக் கடித்துக்கொண்டார். பேட்டரியைக் கழற்றி, கம்பியில் மீட்டரை வைத்தார். இருபத்தெட்டு.

பிறகு கம்பியை நடுவில் ஒரு கனெக்டரில் பிரித்தார். இப்படிப் பிரித்தால் நல்ல பக்கம் நூற்றிருபது காட்டும், கெட்ட பக்கம் காட்டாது. முன்பக்கம் நூற்றிருபது. பின்பக்கம் முப்பத்தாறு. அவர் சீட்டின் பின்னால் கையைக் காட்டினார்.

மூடியைத் திறந்தார். மணம் வந்தது. புளித்த தேங்காய்த் தண்ணீர் மணம். கனெக்டர் மஞ்சள் நிறம், ஊசிகளில் பச்சைப் பாசி மாதிரிப் பூத்திருந்தது. நடுவில் ஒரு தேங்காய்ச் சில்லும், செவ்வந்தி இதழ் இரண்டும். அவர் இதழை எடுத்தார், என்னைப் பார்த்தார், இதழைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மொதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு சிங்களத்தில் கேட்டார், யார் செய்த வேலை இது என்று. நான் ஏழு வருஷம் ஓட்டின மெஷின். அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் நியாயம்தான். நான் கழற்றி வைத்த மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

மீட்டர்காரர் சிலுவையை வாயிலிருந்து எடுத்தார். "கவுத கியலா நெவெய் மாத்தயா, கொஹெத கியலா அஹன்ன," என்றார். எங்களிடம் தமிழில் சொல்வதைத்தான் அவரிடம் சிங்களத்தில் சொன்னார். மொதலாளி, சரி, எங்கே என்று கேட்டார். இங்கே, ஈரம் போயிருக்கிறது, துடைத்தால் சரி என்றார். மொதலாளிக்கு அது போதுமாயிருந்தது. பாதையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் போனதும் மீட்டர்காரர் என் காதருகில் வந்தார்.

"தம்பி, சாமிக்கு வெளியில செய்ங்க. உள்ள ஆட்கள் பேசிக்கிட்டு இருக்காங்க."

அவ்வளவுதான்.

அழுக்குப் போக்குகிற மருந்து அடித்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, சட்டை நுனியால் துடைத்தார். பிறகு மறுபடி சிலுவையைக் கடித்துக்கொண்டு, அதன் ஓரமாகவே ஊதி ஊதிக் காயவைத்தார். இடையில் "ம்மம் ம்ம ம்மா" என்றார். நான் பத்து மில்லிமீட்டர் சாவியைக் கொடுத்தேன். அந்த நேரம் மேலே முடக்கில் மேளச் சத்தம் கேட்டது. சாமி புறப்பட்டு வந்துவிட்டது. பாதையில் மண் கிடப்பதால் ஊர்வலம் முடக்கிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பனிக்குள்ளே வெள்ளையாக ஒரு உருவம் மெஷினுக்குள் குனிந்து, என்னவோ மந்திரம் முணுமுணுத்து, ஊதுகிறது. அங்கிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அதுதான்.

மீட்டர் அறுபது காட்டியது. அவர் பேட்டரியை மாட்டிவிட்டுக் கையசைத்தார். நான் சாவியைத் திருப்பினேன். கோடுகள் போய் எண்கள் வந்தன. மூன்று நாளாக ஆகாயத்தைப் பார்த்த வாளி மெல்ல இறங்கி, மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு கல்லுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. அதே நேரம் கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. மீட்டர்காரர் பையைத் தூக்கிக்கொண்டு, உரச்சாக்கு பறக்க, தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் விழுந்தடித்து ஓடினார். பனி மூடிக்கொண்டது.

நான் மிச்ச மண்ணைத் தள்ளிப் பாதையைத் திறந்து இறங்கினபோது, கமிட்டித் தலைவர் மெஷினுக்கு முன்னால் சேற்றில் விழுந்து கும்பிட்டபடி கிடந்தார். எழுந்ததும் என் கையைப் பிடித்து, வந்தது யார் என்று கேட்டார். மெக்கானிக் என்று சொன்னால் என்ன கோளாறு என்று கேட்பார். கோளாறைச் சொன்னால் தேங்காயைச் சொல்லவேண்டும், பக்கத்தில் மொதலாளி. நான் ஆகாயத்தைப் பார்த்துக் கைகூப்பினேன். நான் சொன்ன பொய் அவ்வளவுதான், அதற்கு வாயைக்கூடத் திறக்கவில்லை. அன்றைக்கே அந்தக் கல்லுக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அவரைக் கண்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். பல் இல்லாத இடம் தெரிய விழுந்து விழுந்து சிரித்தார்.

"முருகன்னு சொன்னா சொல்லட்டும் தம்பி. என் பொண்டாட்டி காதுக்கு மட்டும் போகாம பாத்துக்குங்க. ரெண்டாவது வீடு எங்கன்னு கேப்பா."

அடுத்த வருஷம் வெளிநாட்டில் ஒரு பாலைவனத்துக்கு மெஷின் பார்க்கப் போனார். பழைய நம்பர் வேலை செய்வதில்லை. அங்கே தேங்காய் கிடைக்காது என்பது ஒன்றுதான் எனக்கு நிம்மதி.

சிலை செய்கிறவர் ஹட்டனில் இருக்கிறார். அவரிடம் உண்மையான அடையாளத்தைச் சொன்னேன். வழுக்கை, தாடி, விழுந்த பல், சிலுவைச் செயின். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, இவருக்குப் பக்கத்துல மயில் நிக்குமா?" என்று கேட்டார். பிறகு அவராகவே ஒரு படம் வரைந்தார். ஒரு கையில் வேல், ஒரு கையில் மீட்டர். முகம் நல்ல அழகு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு அழகான முகத்தை வைத்து அவரை ஒரேயடியாக அழித்துவிடப் போகிறோம் என்று தோன்றியது.

போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நாலு தேங்காயையும் சொன்னேன். மொதலாளியிடம் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, அன்றைக்கே மணத்தில் தெரிந்ததாகவும், எங்கள் சாமி விஷயம் என்று தலையிடவில்லை என்றும் சொன்னார். கமிட்டியில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு தலைவர் கேட்டார்.

"தேங்காத் தண்ணிய ஊத்துனது நீங்க. சரி. ஒங்கள ஊத்த வச்சது யாரு?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அற்புதம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. சிலையின் காலடியில் ஒரு தேங்காயும் வைக்கலாம் என்று ஒருவர் எழுந்து பிரேரணை கொண்டுவந்தார்.

தலைவருடைய கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நான் சாமி கும்பிடுகிறவன். என்னை அன்றைக்கு அவரை நோக்கித் தள்ளினது யார் என்று நான் என்ன கண்டேன். ஆனால் ஒன்று தெரியும். மூன்று நாள் ஒரு பாதைக்காக ஊரே தவித்தபோது, மறுநாள் மகனுடைய பாடசாலைக் கூட்டம் இருந்தும், தூறலில் ஒரு மனுஷன் வந்து குனிந்தார். குற்றவாளி முன்னால் நின்றும் காட்டிக்கொடுக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். அதைச் செய்ய முருகனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மனுஷனுக்குக் கஷ்டம். அதனால்தான் அந்தப் பெருமையை அவரிடமிருந்து எடுத்து வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, சாமிக்கும்கூட. இதைக் கூட்டத்தில் இவ்வளவு நன்றாகச் சொல்ல வரவில்லை. முகத்தைத் தரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நேரில் பார்த்தவன் இதுதான் முகம் என்று ஒப்பாமல் சிலை செய்யக்கூடாது என்று விஷயம் இப்போதைக்கு நிற்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கை நான் நிறுத்தவில்லை. எல்லா இடத்திலும் இருக்கிற முருகன் அந்த முடக்கிலும் இருப்பார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவருக்கு ஒளிவட்டம் போடவேண்டாம், விழுந்த பல்லைக் கட்டிக்கொடுக்கவும் வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு, ஊற்றினவன் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று யாருக்காவது தோன்றும். தயவுசெய்து விடாதீர்கள். என் முட்டாள்தனத்தை எடுத்துவிட்டால் அது மறுபடியும் அற்புதமாகிவிடும்.